பதினைந்து அமுக்கு, இரண்டு மூச்சு

1

“நெஞ்சு வலிச்சா டிரஸர்கிட்ட போங்கன்னு காலையிலேர்ந்து—”

“வலி இல்லலா! வாயு. நேத்து தின்ன மொச்சை—”

“மொச்சைக்கு எதுக்குங்க இடது கை வலிக்குது?”

“ரெண்டு நாள் வகுப்புக்குப் போயிட்டு வந்து நீயே டிரஸராயிட்டியா?”

“அப்ப செத்துத் தொலைங்க! எனக்கென்ன!”

இந்தச் சண்டையிலிருந்துதான் கதை வந்தது. எனக்கு எந்தக் கதையும் முதலில் குரலாகத்தான் வரும். முகம் பிறகு, மலை அதற்கும் பிறகு. பேசுகிறவர்கள் சின்னையாவும் அவர் மனைவி பாஞ்சாலையும். இடம், மலேசிய மலையூர் ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. வருடம் 1982. முதுகில் கூடையோடு கேட்டுக்கொண்டே வருபவள் சின்னையாவின் தங்கை நவமணி. நவமணி நான்தான். ‘நான்’ என்று எழுதினால் பேனா நின்றுவிடுகிறது. அதனால் ‘அவள்’.

(பாஞ்சாலை எந்தக் கோபத்திலும் ‘ங்க’ விடமாட்டாள். கவனித்தீர்களா? நவமணி அன்று கவனிக்கவில்லை.)

2

முதல் தொடக்கம்: ‘மலையை மூடியிருந்த பனி மெல்ல விலகியபோது—’

வேண்டாம். தூறிக்கொண்டிருந்தது. எதுவும் விலகவில்லை.

இரண்டாம் தொடக்கம்: ‘தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக இருந்த டிரஸர் ராதாகிருஷ்ணன், கோணிப்பையில் தேயிலைத் தூசு அடைத்து ஓர் ஆளைச் செய்தார். மூச்சும் பேச்சும் நின்றவரின் நெஞ்சை நடுவில் எப்படி அமுக்குவது என்று அதன்மேல் கற்றுக்கொடுத்தார். எலும்பு முறிந்தாலும் நிறுத்தக்கூடாது என்றார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து நான்கு பெண்கள் போனார்கள். மூன்று பேர் சிரித்துவிட்டு வந்தார்கள். பாஞ்சாலை மட்டும் கற்றுக்கொண்டு வந்தாள்.’

இது இருக்கட்டும். சிரித்தவர்களில் நவமணியும் ஒருத்தி.

3

“செத்துத் தொலைங்க” காதில் விழுந்தது. பிறகு ஏதோ கனமாகச் சாயும் சத்தம். நவமணி கொட்டகை மூலையைத் திரும்பினாள். அண்ணன் மல்லாந்து கிடந்தார். அண்ணி பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தாள். நவமணிக்கு அப்படித்தான் தெரிந்தது. மளுக்கென்று ஒரு சத்தம் வேறு.

“அடிப்பாவி! எங்கண்ணனைக் கொல்றாளே!”

ஓடிப்போய்ப் பாஞ்சாலையின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள்.

“விடு பாப்பா! மூச்சில்லடி! உலுக்கிப் பாத்தேன், அசையல!”

“தூக்கி உக்கார வைங்க!” என்றார் கங்காணி முனியாண்டி. “காப்பி கொண்டாங்க!”

“படுத்தே கிடக்கட்டும்! ஓடிப்போய் டிரஸரக் கூட்டியாங்க!” என்று கத்தினாள் பாஞ்சாலை.

(எவ்வளவு நேரம் இழுத்துப் பிடித்திருந்தாள்? ‘கொஞ்ச நேரம்’ என்று எழுதி அடித்தேன். ‘ஒரு நிமிடம்’ என்று எழுதி அதையும் அடித்தேன். காகிதத்தில் ஓட்டை விழுந்துவிட்டது.)

திமிறி விடுபட்ட பாஞ்சாலை திட்டவில்லை. மறுபடி நெஞ்சில் கை வைத்தாள்.

“நீ எண்ணு. கத்தரி வெட்டுற வேகத்துல. பதினஞ்சு.”

கொழுந்துக் கத்தரியின் சடக், சடக் இருவர் கையிலும் ஊறிய வேகம். நவமணி எண்ணினாள். பதினைந்தானதும் பாஞ்சாலை அவர் தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதினாள். லயமே பார்த்தது. டவுனுக்குப் போனால் புருஷனுக்கு நாலடி பின்னால் நடக்கிறவள்.

அவள் கை சோர்ந்ததும் நவமணி அமுக்கினாள்.

“எலும்பு ஒடியுது அண்ணி!”

“ஒடியட்டும். கட்டிக்கலாம். நல்லா அமுக்கு.”

4

முடிவு ஒன்று: மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஏறி வருகிறது. உள்ளே, தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்சாரத்தால் ஓர் உதறு உதறி வழிக்குக் கொண்டுவரும் பெட்டி. “யாரும் தொடாதீங்க!” நெஞ்சில் இரண்டு தகடு. உடம்பு தூக்கிப் போடுகிறது. அண்ணன் கண் திறந்து, “வாயுன்னு சொன்னேன்ல?” என்கிறார்.

(இதை ஏழு முறை எழுதிவிட்டேன். அந்தப் பெட்டி அன்று எங்கள் மலையில் இல்லை.)

முடிவு இரண்டு: டிரஸர் ஓடிவருகிறார். லோரிப் பலகையில் மூவரும் மாறி மாறி அமுக்கிக்கொண்டே அடிவாரத்துத் தாப்பா ஆஸ்பத்திரிக்கு இறங்குகிறார்கள், வளைவுக்கு வளைவு—

இதற்கு மேல் வாக்கியம் இல்லை. இதுதான் நடந்தது. கீழே போய்ச் சேர்ந்தபோது அண்ணன் இல்லை.

முடிவு மூன்று: நவமணி மூலையைத் திரும்புகிறாள், பார்க்கிறாள், கொண்டையைப் பிடிக்காமல் பக்கத்தில் மண்டியிடுகிறாள். இதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுத எனக்குக் கை வராது.

5

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பாஞ்சாலை தலை வாராமல் உட்கார்ந்திருந்தாள். நவமணி எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னால் போய் அமர்ந்தாள். சிக்கெடுத்துக்கொண்டே வந்த சீப்பு உச்சிக்குப் போனது.

“அங்க மட்டும் மெதுவா, பாப்பா. இன்னும் வலிக்குது.”

சீப்பு நின்றது.

“அண்ணி... அன்னிக்கு நான் உங்க முடியைப் புடிக்காம இருந்திருந்தா, அண்ணன் பொழைச்சிருக்குமா?”