பதினேழாம் கட்டம்

வங்கிகளின் மொபைல் செயலிகளை ஒப்பிட்டு நட்சத்திரம் போடும் வேலையை ஒரு மாத இதழ் அவனிடம் ஒப்படைத்து மூன்று வருடம் ஆகிறது. ஆறு வங்கிகள், இருபத்திரண்டு கட்டங்கள். உள்ளே நுழைய எத்தனை நொடி, பணம் அனுப்ப எத்தனை தட்டல், புகார் சொன்னால் மனிதக் குரல் பேசுமா என்று எல்லாவற்றையும் நாற்காலியை விட்டு எழாமல் தன் புத்தம்புதுப் போனிலேயே சோதித்துவிடுவான். பெரிய நீதிபதி என்ற நினைப்பு வேறு.

இந்த வருடம் முதலிடம், கிளையே இல்லாத ஒரு புது வங்கிக்கு. கடவுச்சொல் கிடையாது, விரலை வைத்தால் இரண்டே நொடியில் திறக்கும். பதினேழாம் கட்டம்தான் கொஞ்சம் படுத்தியது. ‘கைரேகை ஏற்காவிட்டால் மாற்று வழி உண்டா?’ அவன் விரலைத்தான் வைத்தபோதெல்லாம் ஏற்றுக்கொண்டதே! வங்கிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அச்சுக்குப் போக அரை மணி நேரம் இருந்தது. ‘உண்டு’ என்று அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவனுடைய அக்கா வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடமாகப் படுக்கை விரிப்புகளை அலசுகிறவள். அவனைப் படிக்கவைத்ததும் அந்தச் சம்பளம்தான்.

“தப்பா எடுத்துக்காதடா. நீ எழுதின பேங்குக்கு மாறிட்டேன். இப்ப திறக்கவே மாட்டேங்குது. என் கைதான் சரியில்ல போலிருக்கு.”

போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, விரலை அழுத்தினாள். சிவப்புக் கோடு வந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். பத்து விரலும் ஒரு சுற்று வந்தாயிற்று. வெளுப்பு மருந்து ரேகைகளைத் தின்று தீர்த்திருந்தது.

“கணக்கு ஆரம்பிக்கிறப்ப எடுத்துச்சாக்கா?”

“அப்ப காய்ச்சல்ல மூணு வாரம் லீவுல கிடந்தேன்ல, தோல் கொஞ்சம் தேறியிருந்துச்சு. வேலைக்குப் போன பத்தாம் நாள்லேருந்து எடுக்கல. இதைத் திறந்தாத்தான் கார்டும் வேலை செய்யுமாம். சம்பளம் உள்ள மாட்டிக்கிச்சு.”

அவன் வங்கியின் உதவி எண்ணை அழைத்தான். பேசிய பெண்ணின் குரலில் தேன் ஒழுகியது. மாற்று வழி இல்லையாம். ஆள் வந்து நேரில் பார்த்துச் சரிசெய்ய மூன்று வாரம் ஆகுமாம்.

“இருக்குன்னு போட்டிருந்தியே?” என்று அக்கா பையிலிருந்து இதழின் அந்தப் பக்கத்தை எடுத்தாள். பதினேழாம் கட்டத்தின் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தது. “பழைய பேங்க் மேனேஜர் கேட்டார், உங்க கைக்கு இது ஒத்துவருமான்னு. என் தம்பி பார்த்து எழுதியிருக்கான்னு சொல்லிட்டு வந்தேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. இருபத்திரண்டு கட்டங்களையும் படித்து, தன் கைக்கு எது வேண்டுமோ அதைச் சரியாகத் தேடிப் பிடித்திருக்கிறாள். முன்பு இருந்தது, இப்போது எடுத்துவிட்டார்கள் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஊரார் கைகளை நினைத்துப் பார்க்காதவனை மன்னித்துவிடலாம். இந்தக் கையையே நினைக்காதவனை என்ன செய்வது?

“அக்கா, அதை நான் பார்க்கல. சும்மா போட்டுட்டேன்.”

“சும்மாவா?”

அவள் அந்தப் பக்கத்தை மடித்தாள். மடித்ததையே இன்னொரு முறை மடித்தாள்.

“அடுத்த இதழ்ல திருத்தம் போடச் சொல்றேன். தப்பு என்னோடதுன்னே போடச் சொல்றேன். வீட்டுச் செலவுக்கு இப்பவே...”

“செலவை நான் பார்த்துக்கறேன். திருத்தமெல்லாம் வேண்டாம்டா. கூடத்துல பதினோரு பேர் இதைப் பார்த்து மாறுறதா இருக்காங்க. நான் தடுத்துடறேன்.”

“என்னன்னு சொல்லித் தடுப்ப?”

“எனக்குத்தான் சரியா வைக்கத் தெரியல, நமக்கெல்லாம் இது வராதுன்னு சொல்லிக்கறேன். உன்னைப் பத்தி அங்க ரொம்பப் பெருமையடிச்சு வெச்சிருக்கேன்.”

அதைக் கேட்டதும் அவனுக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா என்று மூச்சே விட்டுவிட்டான். அந்த மூச்சு அக்காவுக்குக் கேட்டுவிட்டது என்பது, அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டதில் தெரிந்தது.