அரசியல் யாப்பின் மேல் ஒரு சத்தியம்

கணவன் பிரதாபனின் இரண்டாவது திவசத்துக்காகக் கௌசி அமெரிக்காவிலிருந்து லண்டன் வந்திருந்தாள். ஆர்ச்வே முருகன் கோயிலில் அர்ச்சனை முடித்து, டூட்டிங்கில் மச்சாள் சந்திரவதனாவின் வீட்டுக்கு இருவரும் திரும்பியபோது நல்ல மழை.

பிரதாபன் சந்திரவதனாவின் ஒரே தம்பி. அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில் பெட்ரோல் ஸ்டேஷன் நடத்திவந்தான். யாரோ பூட்டாத காருக்குள் விட்டுப்போன கைத்துப்பாக்கியைத் திருடிய ஒருவன், கடைக்குள் புகுந்து அவனைச் சுட்டுவிட்டான். டூட்டிங்கிலேயே பிறந்து வளர்ந்து, கலியாணத்தோடு அங்கே போன கௌசியை எப்படியாவது திருப்பிக் கூட்டிவந்துவிட வேண்டும் என்பதே அன்றிலிருந்து சந்திரவதனாவின் நினைப்பு.

"போதும் கௌசி. இங்கயே வந்திரு," என்றாள் சாப்பாட்டுக்குப் பிறகு.

"கோவிக்காதேங்கோ மச்சாள். போன மாசம் அமெரிக்கப் பிரஜையாச் சத்தியம் செய்திட்டன்."

"என்ர தம்பியைத் திண்ட நாட்டுக்கோ?"

"எனக்கு வோட் வேணும். வோட் இல்லாதவளின்ர கதைக்கு அங்க ஒருத்தரும் காது குடுக்கிறேல்லை."

"என்னண்டு சத்தியம் செய்தனி?"

"நாட்டின்ர அடிப்படைச் சட்டத்தை, அரசியல் யாப்பைக் காப்பாத்துவன் எண்டு."

"ஆளைச் சுடுற துவக்கை வைச்சிருக்கிறது உரிமை எண்டு சொல்லுற யாப்பையோ?"

"ஓம், அதைத்தான். ஆனா அதை மாத்திற வழியும் அதுக்குள்ளதான் எழுதிக் கிடக்கு."

சந்திரவதனாவுக்குக் கோபம் அடங்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒருவன் சுட்டுக் கொன்ற அடுத்த வருசமே இந்தப் பிரித்தானியாவில் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தார்களே, அங்கே மட்டும் ஏன் ஏலாது என்று கேட்டாள்.

"இங்க பாராளுமன்றம் நினைச்சாச் சரி. அங்க காங்கிரசின்ர ரெண்டு சபையிலயும் மூண்டில ரெண்டு பங்கு ஆக்கள் ஓம் எண்டோணும். பிறகு அம்பது மாநிலத்தில முப்பத்தெட்டு ஓம் எண்டோணும். பதின்மூண்டு மாட்டன் எண்டாக் கதை முடிஞ்சுது."

"அப்ப உன்ர காலத்தில நடவாது."

"நடவாது," என்றாள் கௌசி, தயங்காமல். "அதாலதான் எங்கட மாநிலத்தில ஒரு சின்னச் சட்டம் கேக்கிறம். காருக்குள்ள துவக்கை விட்டுப் போறவை பூட்டி வைக்கோணும். அவ்வளவுதான்."

நடவாது என்று தெரிந்தும் நடக்கக்கூடியதைத் தேடிப்போகிற அந்த முகத்தைச் சந்திரவதனா பார்த்தபடி இருந்தாள். அதற்குமேல் அவளை மறிக்கவில்லை.

பங்குனியில் மாநிலச் சட்டசபைக் குழுவின் முன் கௌசி பேசியதைச் சந்திரவதனா லப்டொப்பில் பார்த்தாள். நேற்று வந்தவளுக்கு எங்கள் உரிமையைப் பற்றி என்ன தெரியும் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். "நீங்கள் அதோடு பிறந்தீர்கள். நான் அந்த யாப்பை வரிவரியாக வாசித்துவிட்டுச் சத்தியம் செய்தேன்," என்று கௌசி ஆங்கிலத்தில் சொன்னாள். சந்திரவதனா தனியே இருந்து கைதட்டினாள்.

சட்டம் மாநிலத்தின் கீழ்ச்சபையில் தேறியது. மேற்சபையில் இரண்டு வாக்கால் தோற்றது.

கௌசி போன் எடுத்துச் செய்தி சொன்னபோது சந்திரவதனாவிடம் ஆறுதல் சொற்கள் தயாராக இருந்தன. ஆனால் வாயில் வந்தது வேறு.

"அடுத்த முறைக்கு இன்னும் ரெண்டு பேரைத்தானே மாத்தோணும்? அவை எந்த ஊர் ஆக்கள்?"

"ஒராள் எங்களுக்குக் கிட்ட. மற்றவர் நல்ல தூரம், காரில போகோணும்."

"ஆடியில எனக்கு லீவு இருக்கு. நான் வாறன். வோட் இல்லாட்டியும் உன்னைக் காரில ஏத்திக்கொண்டு திரிய ஏலும்தானே?"

மறுமுனையில் கௌசி சிரித்தாள். "ஏலும் மச்சாள். ஆனா இங்க கார் வலப்பக்கமா ஓடோணும்."

"அதைப் பழகிறன்," என்றாள் சந்திரவதனா.