பூசையில் இருக்கும் துவக்கு

வால்தம்ஸ்டோவில் யோகராஜாவும் வசந்தமலரும் குடியிருக்கும் மூலைவீடு தரையை விட்டு முதன்முதலாக எழும்பியது 2021 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அரை அங்குலம்தான். அதன்பிறகு வருடத்துக்கு இரண்டு, இரண்டரை என்று ஏறி, 2025 செப்டெம்பரில் பத்து அங்குலத்தில் நின்றது. குழாய் வேலைக்கு வந்தவர் வளைகிற குழாய் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். தபால்காரர் ஒரு படி கேட்டார், யோகராஜா செங்கல் அடுக்கிக் கொடுத்தார். பிறகு இன்னொரு படி கேட்டார், அதையும் கொடுத்தார். கஷ்டப்பட்டது ஒட்டுவீட்டுக் கணேசலிங்கம் ஒருவர்தான். சுவர் பொதுச்சுவர் ஆகையால் அவருடைய வீடும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அவர் வீட்டு அப்பத்தில் மா ஒரே பக்கம் வழிந்து, ஒரு கரை கருகி, மறுகரை வேகாமல் நான்கு வருடமாக வந்துகொண்டிருந்தது. நல்ல மனுசன், அதையும் சாப்பிட்டார்.

வீட்டைத் தூக்கியவை இரண்டு துவக்குகள். இரண்டும் வசந்தமலருடையவை. கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற அவரை 2011ஆம் ஆண்டு கடைக்காரர்கள் சுற்றுலா என்று எசெக்ஸ் பக்கம் ஒரு சுடுமைதானத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு யந்திரம் மண்தட்டுகளை வானத்தில் எறியும், அவை விழ முன் சுட வேண்டும். அதுவரை துவக்கைத் தொட்டே இராத வசந்தமலர் இருபத்தைந்து தட்டில் இருபத்தொன்றை உடைத்தார். அன்று வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்த கையோடு ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார். தன் நாற்பது வயதுக்குள் யாருக்கும் பயன்படாத, தனக்கு மட்டும் சந்தோசமான ஒரு காரியத்தில் தான் கெட்டிக்காரி என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பிறகு லைசன்ஸ் எடுத்தார், ஸ்பெயின் துவக்கு ஒன்று வாங்கினார், இத்தாலித் துவக்கு ஒன்றும் வாங்கினார். சட்டப்படி அவற்றை இரும்புப் பெட்டியில் பூட்டி, பெட்டியை நான்கு போல்ட் அடித்துச் சுவரோடு இறுக்க வேண்டும். அந்தப் பூட்டின் திறப்பு, அதாவது சாவி, இருக்கும் இடம் லைசன்ஸ்காரரைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியக்கூடாது. ஆகவே யோகராஜாவின் தாம்பத்தியத்தில் சட்டம் அனுமதித்த ரகசியம் ஒன்று இருந்தது.

யோகராஜாவுக்குத் துவக்கு என்ற சொல்லே பிடிக்காது. இருபத்திரண்டு வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்தவர். செல் குண்டு விழுகிற சத்தம் காதுக்கு வர முன்னம் தரைவழியாகக் காலுக்கு வந்துவிடும் என்பார். நவம்பரில் லண்டன் வெடி கொளுத்தத் தொடங்கினால் தலையணையும் கையுமாக மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடுவார். அண்மைக் காலமாக அப்படிப் போவதில்லை. பிறஷருக்கு டொக்டர் கொடுத்த குளிசை வேலை செய்கிறது என்று வசந்தமலர் நினைத்துக்கொண்டார்.

எல்லாம் தொடங்கியது 2019 ஆயுத பூசையில். யோகராஜாவின் பலசரக்குக் கடைத் திறப்பு, மகளின் பாடப் புத்தகம், காரின் திறப்பு எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். துவக்கைப் பெட்டிக்கு வெளியே வைக்கக்கூடாது என்பதால், வசந்தமலர் மாடிக்குப் போய்ப் பெட்டிக் கதவிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டார். பூசைக்கு வைத்த பொருளை விஜயதசமியன்று எடுத்து, கொஞ்சமாவது பாவிக்க வேண்டும். திறப்பை எடுத்தார்கள், புத்தகத்தைப் படித்தார்கள், காரை ஓட்டினார்கள். அன்று பெருமழை. துவக்கை எடுக்கவில்லை. அடுத்த வருடம் கொரோனா வந்து மைதானத்தைப் பூட்டியது, அதற்கடுத்த வருடம் தோள்மூட்டு வலி, பிறகு வேலை, பிறகு வேலை. 2021 மார்ச்சில் எண்ணெய் போடலாம் என்று பெட்டியைத் திறந்தபோது இரண்டு துவக்கும் பெட்டியின் கூரையில் பலூன் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. இழுத்து எண்ணெய் போட்டுத் திரும்பப் பூட்டினார். அன்றுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

இந்த ஒக்டோபர் இருபதில் லைசன்ஸ் முடிகிறது. யோகராஜா காத்திருந்தவர் போலத் தொடங்கினார். "வருசக்கணக்கா சுடாத சாமானுக்கு என்னத்துக்கு லைசன்ஸ்? வித்துப்போடும் மலர். வீடும் இறங்கும், கணேசும் அப்பம் தின்னுவார்."

சுடவில்லை என்பது உண்மை. விற்றால் இனிச் சுடவே போவதில்லை என்பதும் உண்மை. மூன்று நாள் யோசித்து, நான்காம் நாள் எசெக்ஸில் ஒரு துவக்குக் கடைக்குப் போன் எடுத்தார். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். போனை வைத்துவிட்டு, யாரும் சாகாத வீட்டில் இருந்து அழுதார்.

அந்த வாரம் பொலிசிலிருந்து டயனா என்ற பெண் லைசன்ஸ் பரிசோதனைக்கு வந்தார். இரண்டு படி ஏறி உள்ளே வந்து, பெட்டி சுவரோடு இறுக்கமாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். இருந்தது. சுவர் வீட்டோடு இருக்கிறதா என்று பார்த்தார். அதுவும் இருந்தது. வீடு தரையோடு இருக்க வேண்டுமா என்று கையேட்டை இரண்டு முறை புரட்டினார், அப்படி ஒரு வரி இல்லை. எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டு, போகும்போது பெட்டிக் கதவைத் தொட்டு, இந்தச் சிவப்பு என்ன, துருவா என்று கேட்டார்.

வசந்தமலருக்கு உச்சந்தலையில் தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. ஆறு வருடத்துக் குங்குமம். டயனாவை வழியனுப்பிய கையோடு யோகராஜாவின் கடைக்கு ஓடினார். "இஞ்சாருங்கோ! நாங்கள் அதுகளைப் பூசையால எடுக்கவே இல்லை! வியாழக்கிழமை விஜயதசமி. ஒருக்காச் சுட்டு இறக்கிப்போட்டு வெள்ளிக்கிழமை குடுப்பம்."

"நீர் போம். நான் வரேலாது."

ஆனால் வராமல் முடியவில்லை. பெட்டியிலிருந்து எடுத்த துவக்குகள் உறையோடு மேலே கிளம்பின. காருக்குள் வைத்தால் கூரையை முட்டின. வசந்தமலர் கார் ஓட்ட, யோகராஜா பின்சீட்டில் இருந்து இரண்டையும் மடியில் அமத்திப் பிடித்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் வந்தார். முப்பத்தைந்து வருடம் துவக்குக்குப் பயந்த மனுசன் அழுகிற பிள்ளையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தார். துவக்கு இரண்டும் வீட்டை விட்டுப் போயும் வீடு இறங்கவில்லை. அதற்கு உயரம் பழகியிருந்தது. கணேசலிங்கம் உயரத்தை அளக்க அடிமட்டத்தோடு வாசலில் நின்றார்.

மைதானத்தில் தட்டு எறிகிற யந்திரத்துக்கு ஒரு பொத்தான் உண்டு. அமத்த ஆள் வேண்டும். வசந்தமலர் இத்தாலித் துவக்கை எடுத்துத் தோளில் வைத்தார். அது மேலே இழுத்தது. பொத்தானை யோகராஜாவின் கையில் கொடுத்து, நான் சொல்லேக்க அமத்துங்கோ என்றார். யோகராஜா கண்ணை மூடிக்கொண்டார். "விடுங்கோ!" தட்டு பறந்தது, வெடித்தது, யோகராஜாவின் கால் நடுங்கியது. கண்ணைத் திறந்தபோது வானத்தில் செம்மஞ்சள் தூள் சிதறிக்கொண்டிருந்தது. யாரும் விழவில்லை. யாரும் ஓடவில்லை. அவருடைய மனைவி மட்டும் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

போன் அடித்தது, கணேசலிங்கம். "அண்ணை! கால் அங்குலம் இறங்கிட்டுது!"

இரண்டாவது தட்டு. மூன்றாவது. நான்காவதில் யோகராஜா கண்ணை மூடவில்லை. ஏழாவது தவறிப்போனது, அதற்கு வீடு இறங்கவில்லை என்று கணேசலிங்கம் கண்டிப்பாக அறிவித்தார். பத்தாவதில் துவக்கு இழுப்பதை நிறுத்தி, கையில் கனக்கத் தொடங்கியது. வசந்தமலருக்கு ஐம்பத்துநான்கு வயது என்று அப்போது பார்த்த யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பதினாறாவது தட்டு இரண்டாகப் பிளந்து பறந்தபோது, யோகராஜா தன் குரல்தானா என்று தெரியாமலே கத்தினார்: "இன்னொண்டு! இன்னொண்டு மலர்!" இருபத்தைந்து முடிந்தபோது இருபது உடைந்திருந்தது. வீடு ஐந்து அங்குலத்தில் நின்றது. ஒட்டுவீட்டில் அப்பமா கரைக்கப்பட்டது.

வசந்தமலர் ஸ்பெயின் துவக்குக்குக் கை நீட்டினார். இதையும் சுட்டால் வீடு தரைக்கு வந்துவிடும். யோகராஜா உறையை மடியோடு அமத்திப் பிடித்தபடி இருந்தார், கொடுக்கவில்லை.

"உதை விடும் மலர். இது மேலயே இருக்கட்டும்."

"ஏன்?"

"வீடு மேல போன நாளிலயிருந்து வெடிச் சத்தம் காதுக்குத்தான் வருது. காலுக்கு வாறேல்லை." உறையின் வாரை இறுக்கினார். "பயம் போனது குளிசையால இல்லை மலர். அந்தக் குளிசையை நான் எப்பவோ விட்டிட்டன்."

வசந்தமலருக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. குளிசை விசயத்தில் கோபம். "பிறகேன் விக்கச் சொல்லி நிண்டனீங்கள்?" என்று கேட்டார்.

"துவக்காலதான் எனக்கு நித்திரை வருதெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

மைதானத்து வாசலிலேயே கடைக்குப் போன் எடுத்து, வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்றார்கள். லைசன்ஸ் ஐந்து வருடத்துக்கு வந்தது. இத்தாலித் துவக்கு மாதம் ஒருமுறை எசெக்ஸ் போய் வருகிறது, பொத்தானுக்கு யோகராஜா போகிறார். ஸ்பெயின் துவக்கு பெட்டிக் கூரையில் ஒட்டிக்கொண்டு பூசையில் இருக்கிறது, அதை இனி யாரும் எடுப்பதாக இல்லை. யோகராஜா மேல்படியைக் கழற்றினார். கணேசலிங்கம் அடுப்பின் ஒரு காலுக்குக் கீழே பலகைத்துண்டு வைத்தார், அப்பம் வட்டமாக வந்தது. நவம்பர் ஐந்தாம் திகதி பின்னேரம் ஆறு மணிக்கு வால்தம்ஸ்டோ முழுவதும் வெடிக்கத் தொடங்கியது. யோகராஜா சோபாவில் வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார். வசந்தமலர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவருடைய தேத்தண்ணியையும் எடுத்துக் குடித்தார்.