பதினொரு குழாய்கள் இருபத்திரண்டான கதை

இரண்டு ரயில் நிறுவனங்கள் சந்திக்கும் இடத்தில் எழுநூறு மீட்டர் நீளமுள்ள தண்டவாளம் ஒன்று உண்டு. அதற்குக் கைமாற்றுப் பாதை என்று பெயர். கிழக்கு நிறுவனத்தின் எஞ்சின் முற்பகல் பதினொரு மணிக்கு நாற்பது சரக்குப் பெட்டிகளைக் கொணர்ந்து, அங்கே விட்டுவிட்டுத் திரும்பிப் போகும். பிற்பகல் ஒரு மணிக்கு மேற்கு நிறுவனத்தின் எஞ்சின் வந்து அவற்றை இழுத்துச் செல்லும். இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தில் பெட்டிகளுக்கு எது நேர்ந்தாலும் அது கிழக்கின் பொறுப்பு. மேற்கின் பரிசோதகர் கைமாற்றுச் சீட்டில் கையெழுத்திட்ட கணத்திலிருந்து அது மேற்கின் பொறுப்பு.

மேற்கின் பரிசோதகன் நான். கிழக்கின் பரிசோதகர் என் மனைவி.

யார்டில் எங்களைப் பெயர் சொல்லி அழைப்பவர் எவருமில்லை. அவளைக் "கிழக்கு" என்பார்கள். என்னை "மேற்கு" என்பார்கள். நாளடைவில் அந்த அழைப்பு எங்கள் வீட்டிற்குள்ளும் புகுந்துவிட்டது. குளியலறைக் கதவைத் தட்டி, "மேற்கு, தண்ணியக் காலி பண்ணிடாதீங்க" என்று அவள் குரல் கொடுக்கும்போது, அதைவிட இனிய பெயர் எனக்கு வாய்த்திருக்க முடியாது என்று எண்ணிக்கொள்வேன்.

பரிசோதனை என்பது நடை. வண்டியின் வலப்புறம் அவள் நடப்பாள். இடப்புறம் நான் நடப்பேன். நடுவே பெட்டிகள் நிற்பதால் அவளுடைய பூட்ஸ் மட்டுமே எனக்குத் தெரியும். சக்கரங்களின் இடைவெளியில் அந்த பூட்ஸ் நின்று நின்று நகர்வதைப் பார்த்தபடியே நடப்பது என் அன்றாட வழக்கம். பேச்சும் அப்படியே, பெட்டிகளுக்கு அடியில் குனிந்து நடைபெறும்.

"பருப்பை ஊற வச்சீங்களா?"

"வச்சேன். ஒன்பதாவது பெட்டியில சங்கிலி தொங்குது, பாரு."

"பாத்தாச்சு, எழுதியாச்சு. என் கண்ணு உங்க கண்ணுக்கு முன்னாடியே அங்க போயிடுச்சு."

இவ்விடத்தில் ஒரு விதியைக் குறிப்பிட வேண்டும். கைமாற்றுச் சீட்டில் இருவரும் கையெழுத்திடுவோம். ஆயினும் பழுதுகளை எழுதும் தாள் அவரவர் நிறுவனத்திற்கு உரியது. அதை மற்றவருக்குக் காட்டலாகாது. கணவன் மனைவி என்பதற்காக அந்த விதியை நாங்கள் தளர்த்தவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக ஒரே தட்டில் சோறு பிசைந்து உண்டிருக்கிறோம். ஒருவர் தாளை ஒருவர் பார்த்ததில்லை.

ஒரு மழைக்காலத்திற்குப் பின் கைமாற்றுப் பாதையில் தொல்லைகள் தொடங்கின. முதலில் பெட்டிகளின் மீது வண்ணம் தெளித்துப் படம் வரைந்தார்கள். பிறகு விளக்குகளை உடைத்தார்கள். "அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்" என்று நிர்வாகம் ஒரு பலகை வைத்தது. மூன்றாம் நாள் பலகையையே காணோம். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நாள் பிரேக் குழாயை அறுத்துவிட்டார்கள்.

பெட்டிக்குப் பெட்டி கை விரல் கோத்ததைப்போல இணைந்திருக்கும் ரப்பர் குழாய் அது. அதன் வழியாகச் செல்லும் காற்று நிறைந்தால்தான் பிரேக்கின் பிடி விடும், வண்டி நகரும். குழாய் ஓரிடத்தில் அறுந்தாலும் நாற்பது பெட்டிகளும் அசையமாட்டா. புதுக் குழாய் மாட்டிச் சோதித்து அனுப்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். வாரத்திற்கு ஒன்று என்றிருந்த அறுப்பு இரண்டாயிற்று, மூன்றாயிற்று.

எல்லா அறுப்புகளும் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையே நிகழ்ந்தவை. ஆகவே விதிப்படி அனைத்தும் கிழக்கின் கணக்கில், அதாவது என் மனைவியின் கணக்கில் ஏறின. முதல் குழாய் அறுந்த அன்றே அவளுடைய மேலதிகாரி அவளை அழைத்து, இது நீடித்தால் வேறொருவரை அங்கே நிறுத்த நேரிடும் என்று கூறியிருந்தார். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. பொறியாளர் ஒருவர் வாய்தவறி உளறியதால் அறிந்தேன்.

அன்று நான் ஒரு காரியம் செய்தேன். அறுந்த குழாயைப் பற்றி என் தாளில் நான் எதுவுமே எழுத வேண்டியதில்லை. எனினும் எழுதினேன்: "கையெழுத்திட்ட பின்னர் அறுக்கப்பட்டது." என் நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டால், இரு தாள்களையும் ஒப்பிடுபவர் அவளுடைய குறிப்பை அடித்துவிடுவார் என்று நம்பினேன். பழி என் தலையில் விழட்டும் என்பதே என் எண்ணம். ஒன்று எழுதிய கை அடுத்ததையும் எழுதியது. இப்படியாக ஏழு வாரங்களில் பதினொரு முறை பொய் எழுதினேன். ஒவ்வொரு முறையும், அவளுக்குத் தெரியாமல் அவளுக்குக் குடை பிடிப்பவனைப் போன்ற ஒரு பெருமிதம் எனக்கு உண்டாயிற்று.

இரு நிறுவனங்களுக்கும் பொதுவாக ஒரு கைமாற்று அதிகாரி இருந்தார். எந்த வாக்கியத்தையும் அவர் முடிக்கமாட்டார். ஆதலால் அவருக்கு "அரைப்புள்ளி" என்று பட்டப்பெயர். ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் இருவரையும் தம் அறைக்கு அழைத்தார்.

"உக்காருங்க. விஷயம் என்னன்னா... ஏழு வாரத்துல இருபத்திரண்டு அறுப்பு. மேலிடத்துல சொல்லிட்டாங்க, இந்தப் பாதையை மூடிட்டு, வடக்குச் சந்திப்புல கைமாத்தலாம்னு... கிழக்கு அங்க போகணும். மேற்குக்கு இங்கேயே யார்டு வேலை. அடுத்த மாசம் முதல் தேதியிலேருந்து..."

வடக்குச் சந்திப்பு ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது. என் மனைவி நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

"இருபத்திரண்டா சார்? நான் எழுதினது பதினொண்ணுதானே?"

"கிழக்கு பதினொண்ணு. மேற்கு பதினொண்ணு. கூட்டினா..."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த பாதை வரைபடத்தைப் பார்த்தேன். இரு தாள்களையும் எவரும் ஒப்பிடவில்லை, கூட்டியிருக்கிறார்கள். நான் பிடித்த குடை அவளை ஆறு மணி நேரத் தொலைவிற்கு அனுப்பப்போகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வெளியே வந்தோம். வீடுவரை நடந்தோம். வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நான் அனைத்தையும் சொல்லி முடித்தேன்.

அவள் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கால் அவிழ்ந்தது. மறு கால் அப்படியே நின்றது.

"பதினொரு தடவையும் பொய் எழுதினீங்களா?"

"உன்னை மாத்திடுவாங்கன்னு பயந்துட்டேன்."

"பயந்தா என்கிட்ட சொல்லணும். என் கணக்குல வந்ததை என்னால தாங்க முடியாதுன்னு யாரு சொன்னது உங்களுக்கு? பதினெட்டு வருஷமா வெயில்ல நடந்து பேர் வாங்கியிருக்கேன். நான் எழுதினது அத்தனையும் உண்மைன்னுதான் என் மேலதிகாரிகிட்ட நிமிந்து நின்னேன். அதுமேல போய்ப் போர்வையைப் போத்திட்டீங்களே!"

"தப்புதான்."

"தப்பா? மகா தப்பு! அதுவும் பெட்டியில பொறிச்சிருக்கிற நம்பரை மட்டும் எழுதியிருப்பீங்க, வரிசையில எத்தனாவது பெட்டின்னு எழுதியிருக்கவே மாட்டீங்க. பொய் எழுதறதுலகூட சோம்பேறித்தனம்!"

நான் தலையசைத்தேன். உண்மையிலேயே பெட்டியின் எண்ணை மட்டுமே எழுதியிருந்தேன். அவள் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. பிறகு அவள் அழுதாள். அழுகை ஓய்ந்ததும், கழற்றிய பூட்ஸை மீண்டும் அணிந்துகொண்டாள்.

"வாங்க, போகலாம்."

"எங்க?"

"அரைப்புள்ளி ஆபீசுக்கு. அவர் வீட்டுக்குக் கிளம்பறதுக்குள்ள. முதல்ல நீங்க செஞ்சதைச் சொல்லுங்க. அப்புறம் நான் பேசிக்கிறேன்."

நான் சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மீண்டும் அணிந்தார், மீண்டும் துடைத்தார். என் பணிப் பதிவேட்டில் கண்டனம் ஏறும், இவ்வாண்டு பதவி உயர்வு இல்லை என்பதை மூன்று அரை வாக்கியங்களில் தெரிவித்தார். பதினொன்றும் அதிகமே, வெள்ளிக்கிழமைக்குள் அறுப்பவர் யார், எதற்கு அறுக்கிறார் என்று கூறாவிடில் பாதை மூடப்படும் என்பதை நான்காவதில் தெரிவித்தார்.

அன்று மாலை எங்கள் விதியை முதன்முறையாக மீறினோம். அவள் தன் பதினொரு தாள்களின் படிகளையும் சமையலறை மேடையில் பரப்பினாள். அவள் எழுத்து அச்சுக் கோத்ததைப்போல இருக்கும். பெட்டியின் எண்கள் பதினொன்றும் வெவ்வேறு. ஆனால் ஒவ்வொரு தாளிலும், எஞ்சின் பக்கத்திலிருந்து எண்ணினால் எத்தனையாவது பெட்டி என்பதையும் குறித்திருந்தாள். பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவே, பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவே, ஒன்றுகூட விலகவில்லை.

வண்டி நாள்தோறும் ஒரே கம்பத்தின் அருகில்தான் நிற்கும். ஆகவே அந்த இணைப்பு நாள்தோறும் ஒரே இடத்தில் அமையும்.

"அந்த எடத்துல என்னங்க இருக்கு?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. நாள்தோறும் அவ்விடத்தைக் கடந்தவன் நான். அவளுடைய பூட்ஸைப் பார்த்துக்கொண்டே கடந்தவன்.

மறுநாள் எங்கள் நடை தொடங்குவதற்கு முன்பே, பன்னிரண்டு மணிக்குப் பதினான்காம் பெட்டியின் அருகே போய் நின்றோம். புதர்களின் நடுவே தேய்ந்துபோன ஒற்றையடிப் பாதை ஒன்று வந்து, தண்டவாளத்தின் ஒருபுறம் முடிந்து மறுபுறம் தொடங்கியது. அந்தப் பக்கம் தோல் பட்டறை; இந்தப் பக்கம் பேருந்து நிறுத்தம். பன்னிரண்டரைக்குப் பட்டறையில் வேலை முறை மாறும் சங்கு ஊதிற்று. சற்று நேரத்தில் பெண்கள் முப்பது பேர் வந்தார்கள். எங்களைக் கண்டதும் முன்னால் வந்தவர் நின்றார். அவரைப் பிறர் "மேஸ்திரி அக்கா" என்று அழைத்தார்கள். இடுப்பில் தோல் வெட்டும் பிறைக் கத்தி உறையோடு தொங்கியது.

என் மனைவி கத்தியைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள்.

"அக்கா, குழாயை அறுக்கறது நீங்கதானா?"

"ஆமா." ஒளிக்கும் எண்ணமே அவர் முகத்தில் இல்லை. "போலீசைக் கூப்பிடப் போறியா?"

"எதுக்கு அறுக்கறீங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

"எதுக்கா? எழுநூறு மீட்டர் வண்டியைக் குறுக்க நிறுத்தி வச்சிருக்கீங்க. சுத்திக்கிட்டுப் போனா பஸ் போயிடும். அடியில பூந்துதான் போகணும். மழை விட்ட புதுசுல ஒரு நாள் இவ உள்ள இருக்கும்போதே எஞ்சின் வந்து இடிச்சுது." பக்கத்தில் நின்ற ஒல்லியான பெண்ணைத் தொட்டுக் காட்டினார். "செருப்பு நசுங்கிப் போச்சு. கால் தப்பிச்சது அவ அம்மா செஞ்ச புண்ணியம். அதான் எஞ்சின் சீக்கிரமா வர்ற மாதிரி தெரிஞ்சா அறுத்துடறது. அறுத்துட்டா வண்டி நகராதுல்ல?"

"நகராது," என்றாள் என் மனைவி மெதுவாக.

"அந்த வெவரம் தெரிஞ்சுதான் செய்யறோம். படம் வரையறவன் நாங்க இல்ல. பலகையைத் திருடினதும் நாங்க இல்ல." ஒரு கணம் தயங்கினார். "பலகை மட்டும் நாங்கதான். மழைக்குக் கூரை மேல போட நல்லா இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அறுப்பு எந்தக் கோணத்தில் விழ வேண்டும், ரப்பருக்குள் இருக்கும் நூலையும் ஒரே இழுப்பில் அறுப்பது எப்படி என்று மேஸ்திரி அக்காவிடம் நான் வியந்து கேட்டேன். அவர் தொழில் பெருமையோடு விளக்கத் தொடங்க, கிழக்கு என் முழங்கையைக் கிள்ளினாள்.

அன்றே அவள் அதிகாரிக்கு ஓர் அறிக்கை எழுதினாள். அறுத்தவர் பெயரை எழுதவில்லை. "வழி அடைபட்டிருப்பதே காரணம்" என்று எழுதி, தீர்வையும் எழுதினாள். வண்டியைப் பதினான்காம் பெட்டிக்குப் பின் பிரித்து, ஒற்றையடிப் பாதைக்கு இருபது மீட்டர் இடம் விட்டு நிறுத்த வேண்டும். இரு பகுதிகளுக்கும் தனித்தனியே கை பிரேக் இறுக்க வேண்டும். ஒரு மணிக்கு இணைக்கும்போது பாதையில் ஒருவர் கொடியோடு நின்று ஆட்களை நிறுத்த வேண்டும். இதனால் பரிசோதகர் இருவருக்கும் நாள்தோறும் இருபத்தைந்து நிமிட வேலை கூடும். அதை இருவரும் ஏற்கிறார்கள்.

"என்னைக் கேக்காமலே ஏத்துக்கிட்டேனா?"

"நீங்க என்னைக் கேக்காம பதினொண்ணு எழுதினீங்க. நான் ஒண்ணே ஒண்ணு எழுதியிருக்கேன்."

அரைப்புள்ளி மூன்று மாதம் தவணை கொடுத்தார். இடமாற்ற ஆணை ரத்தாகவில்லை, நிறுத்திவைக்கப்பட்டது. முதல் வாரம் அறுப்பு இல்லை. இரண்டாம் வாரமும் இல்லை. பன்னிரண்டரைக்குப் பட்டறைப் பெண்கள் நிமிர்ந்த தலையோடு இடைவெளியில் நடந்து போனார்கள்.

மூன்றாம் வாரம் ஒரு வியாழக்கிழமை, இருபத்தாறாம் பெட்டியில் ஒரு பிரேக் கட்டை தேய்ந்து, இரும்போடு இரும்பு உரசுவதைக் கண்டேன். கிழக்கின் யார்டிலேயே பிடித்திருக்க வேண்டிய பழுது. என் புறத்தில் இருந்ததால் அவள் கண்ணில் பட வாய்ப்பில்லை. எழுதினால் தவணைக் காலத்தில் அவள் பெயரில் ஏறும் முதல் குறை அது. எழுதாவிட்டால் எவருக்கும் தெரியாது. மலைச் சரிவில் வண்டி இறங்கும்போது தெரிய வரலாம்.

பேனா தாளின் மேலேயே நின்றது. மறுபுறத்தில் பூட்ஸும் நின்றது.

"என்ன மேற்கு, நடையைக் காணோம்?"

"இருபத்தாறுல பிரேக் கட்டை போயிடுச்சு."

"நல்லாவே போயிடுச்சா?"

"சுத்தமா."

பூட்ஸ் ஓரடி பின்னால் நகர்ந்தது. பிறகு அவள் குனிந்தாள். சக்கரங்களுக்கு அப்பால் அவள் முகம் பக்கவாட்டில் தெரிந்தது; வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"எழுதியாச்சா?"

"எழுதிட்டிருக்கேன்."

"யாரு கணக்குல?"

"உன் கணக்குல."

"இருபத்தாறாவது பெட்டின்னும் சேத்து எழுதுங்க," என்றாள் அவள். "படிக்கிற மாதிரி எழுதுங்க."

எழுதினேன். அவள் நான் எழுதி முடிக்கும்வரை அப்படியே குனிந்திருந்து பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். இருபத்தேழாம் பெட்டியை நோக்கி இருவரும் நடந்தோம்.