சிம் கழற்றிய போன்

வேலு உயிரோடு இருக்கும்போதே அவருக்கு இரங்கல் செய்தி வந்துவிட்டது. கதையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள் கண்ணுகளா. சில இடங்களில் குமட்டும்.

வேலு மலேசியாவில், பினாங்கில் பஸ் ஓட்டியவர். குப்பை கொட்டக் கீழே இறங்கினாலும் தலையை வாரி, சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டுதான் இறங்குவார். பல்செட் இல்லாத அவர் முகத்தை மனைவி தனலெட்சுமியைத் தவிர வேறு யாரும் பார்த்தது கிடையாது. அந்த மனிதர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாய் பிளந்து, மூக்கில் குழாயோடு, கன்னத்தில் எச்சில் வழியக் கிடந்தார். அவருடைய தம்பி மகன் கிஷன் கால்மாட்டில் நின்று போனை உயர்த்தினான். அப்படியே மெல்ல முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான். குழாய், ஈறு, எச்சில் எல்லாம் தெளிவாக விழும்படி எடுத்து, குடும்பக் குழுவில் போட்டான்.

தனலெட்சுமி கணவரின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மடியில் கிடந்த அவளுடைய போன் அதிர்ந்தது. பார்த்தால், எதிரே கிடக்கும் அதே வாய். கீழே வரிசையாக வந்து விழுந்தன: ஆழ்ந்த இரங்கல், ஆத்மா சாந்தியடையட்டும், கும்பிட்ட கைகள், சுடர் ஆடும் மெழுகுவர்த்திகள். வீடியோவை யாரும் முழுதாகப் பார்க்கக்கூட இல்லை போலிருக்கிறது. ஈப்போவிலிருந்து ஒரு மைத்துனர் அதற்கு நடுவில் தன் தோட்டத்து டுரியான் பழத்தை வெட்டி வைத்துப் படம் அனுப்பியிருந்தார். கிஷன் எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கைக்குள் வேலுவின் கை சூடாக இருந்தது. அவர் மறுநாள் மத்தியானம்தான் போனார்.

காதில் இருந்த கம்மலைக் கழற்றி, அதன் கம்பியால் போனின் பக்கவாட்டில் குத்தி, சிம்மை வெளியே எடுத்தாள் தனலெட்சுமி. தாதிகள் கையுறையும் பஞ்சும் போடும் தொட்டியில் அதைப் போட்டாள். அதுதான் அதற்கு ஏற்ற இடம் என்று அவளுக்குத் தோன்றியது.

போனை மட்டும் எறியவில்லை. அதை வாங்கிக் கொடுத்தவர் வேலு. அது என்ன பாவம் செய்தது, அதற்குள் வந்து போனவர்கள்தான் அசிங்கம் செய்தார்கள். வாட்சாப்பை அழித்தாள், முகநூலை அழித்தாள். மிச்சம் இருந்ததை வைத்துக்கொண்டாள். கிளினிக்கில் சர்க்கரை பார்க்கும் தேதி நாட்காட்டியில் இருந்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டிய வேளையில் மணி அடித்தது. ஜெலுத்தோங் பாசாரில் வாங்க வேண்டிய காய்கறியைக் குறிப்பில் எழுதிக்கொண்டு போனாள். பஞ்சாங்கமும் ஒன்று இருந்தது. முன்பே இறக்கி வைத்தது. இணையம் இல்லாமலே ஓடும். அமாவாசை, கிருத்திகை எல்லாவற்றையும் அதில்தான் பார்த்தாள். விரிசல் விட்ட மூலையில் ஒட்டு நாடா ஒட்டி, ரவிக்கைக்குள் செருகிக்கொள்வாள். யாரும் அவளைக் கூப்பிட முடியாது. அவசரம் என்றால் பக்கத்து வீட்டு ரொஸ்னாவின் போனுக்கு அடிக்க வேண்டும். ரொஸ்னா சுவரைத் தட்டுவாள்.

சொந்தக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. கிழவி செத்த போனை இடுப்புக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு அலைகிறது என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சும் ரொஸ்னா வழியாகத்தான் அவளுக்கு வந்தது.

வருஷம் திரும்பியது. முதல் வருஷத் திதி நெருங்கியபோது கிஷன் அவளுடைய ஃபிளாட்டுக்கு வந்தான். வேலுவுக்கும் தனலெட்சுமிக்கும் பிள்ளை இல்லை. கொள்ளி வைத்தவன் அவன். கொள்ளி வைத்தவன்தான் திதியும் கொடுக்க வேண்டும், வேறு ஆளைத் தேடிக்கொள்ள முடியாது. அதனால் கதவைத் திறந்தாள், காப்பியும் கொடுத்தாள். அவன் அதைக் குடிக்காமல், ஆவி பறக்க ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

புதன்கிழமை திதி, சுங்கை பினாங்கில் தன் வீட்டிலேயே ஏற்பாடு செய்தாயிற்று என்றான். லைவ் போடப் போகிறார்களாம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் சொந்தமெல்லாம் பார்க்கக் காத்திருக்கிறதாம். அவன் மனைவி ஷர்மினி பெரியப்பாவின் படங்களைக் கோத்து, பின்னணியில் புல்லாங்குழல் சேர்த்து, படையலுக்குப் பக்கத்தில் டீவியில் ஓடவிடப் போகிறாளாம்.

"கடைசியில ஆஸ்பத்திரி வீடியோ வரும் பெரியம்மா. அதப் பாத்தா கல்லுகூட அழுதிடும் லா."

அதை எடுத்துவிடு தம்பி என்றாள் தனலெட்சுமி. முதல் முறை தன்மையாகத்தான் சொன்னாள். அதுதான் உண்மையான நிமிஷம், அதை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் போட்டோதான் என்றான் அவன். அவள் மறுபடி சொன்னாள். அவன் போனைத் தடவிக்கொண்டே, ஷர்மினியைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். கேட்கமாட்டான் என்பது அவன் கட்டைவிரல் ஓடிய வேகத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் அவள் ரவிக்கைக்குள்ளிருந்து தன் போனை எடுத்தாள். பஞ்சாங்கத்தைத் திறந்தாள். திதி செவ்வாய்க்கிழமை என்று அது காட்டியது. புதன்கிழமை என்ன நாள் என்று அவளுக்குத் தெரியும். பொது விடுமுறை.

"லீவு நாளுக்குத் தோதா செத்தவர நகத்துறீங்களா தம்பி?"

"குருக்கள் பாத்துச் சொன்ன நாள் பெரியம்மா."

"குருக்களுக்கும் லீவு வேணுமில்ல."

கிஷன் எட்டி அவள் திரையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து ஒளிந்துகொண்டது. செவ்வாய்க்கிழமை, என் வீட்டில், டீவியும் இல்லாமல் லைவும் இல்லாமல் நடக்கும், வந்து கொடுக்கிறாயா என்று அவள் கேட்டாள். உடனே சரி என்றான். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டானே என்று அவள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் அந்த வாய், பல் இல்லாத அந்த வாய், இனி யார் டீவியிலும் வராது என்ற நிம்மதியில் அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியலில் எழுந்து சமைத்தாள். வாழைக்காய் வறுவல், புடலங்காய்க் கூட்டு, பாகற்காய், பருப்பு, பாயசம். ரொஸ்னாவின் போனில் கோயிலுக்குச் சொல்லி வைத்திருந்ததால் வேறொரு குருக்கள் நேரத்துக்கு வந்தார். வீட்டில் பூசை என்று மட்டும்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள் போலும். கிஷன் வேட்டி கட்டி, வெற்று மார்போடு வந்து பலகையில் உட்கார்ந்தான். விரலில் தர்ப்பை மாட்டினார்கள். சங்கல்பம் சொல்லத் தொடங்கினார் குருக்கள். வருஷம், மாதம், பட்சம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், அன்றைய திதியின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுவிட்டார். செத்தவரின் பெயரையும் திதியையும் இன்னொரு முறை கேட்டார். பையிலிருந்து உள்ளூர்ப் பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார்.

"அம்மா, அவரோட திதி நாளைக்குத்தான். யாரு இன்னிக்குன்னு சொன்னது?"

அவள் போனை நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார், பிறகு திரையின் மேல் மூலையைத் தொட்டுக் காட்டினார். சின்ன எழுத்தில் ஊர்ப் பெயர் இருந்தது. சென்னை.

குருக்கள் நல்லவர், கோபப்படாமல் விளக்கினார். திதி இன்றைக்குத்தான் பிறக்கிறது. அது பிறக்கும்போது சென்னையில் மத்தியானம், அங்கே இருப்பவர்கள் இன்றைக்கே கொடுக்கலாம். இங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நமக்குச் சாயங்காலம் ஆகிவிடும், பிண்டம் வைக்கும் மத்தியான வேளை தாண்டிவிடும். நமக்கு நாளை மத்தியானம்தான் அந்தத் திதி நிற்கும். நிறையப் பேர் இப்படி ஏமாறுகிறார்கள் என்றார்.

ஒரு வருஷமாக அந்தப் பஞ்சாங்கத்தில் அவள் பார்த்ததெல்லாம் வேறு ஊரின் நேரம்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் பெரியம்மா," என்றான் கிஷன். "சென்னைன்னு போட்டிருந்துச்சு. நீங்களா தெரிஞ்சுக்கட்டும்னு விட்டேன்."

தர்ப்பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்தான். அவள் கையில் இருந்த திரையைக் குனிந்து படம் பிடித்தான். குழுவில் போட்டான். கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அவளுக்கும் வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். ஈப்போ மைத்துனர், அண்ணி வேலு அண்ணனுக்கு மெட்ராசிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டாள் என்று எழுதியிருந்தார்.

சமைத்ததை வீணாக்கக்கூடாது என்று சொல்லி கிஷன் இலை போட்டு உட்கார்ந்தான். வேலுவுக்காக ஆக்கிய பாகற்காயை வழித்துச் சாப்பிட்டான். பாயசம் இரண்டு முறை வாங்கினான். விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினான். ஏப்பம் விட்டான். தனலெட்சுமி பரிமாறிக்கொண்டே நின்றாள். இலையை எடுக்கும்போது மட்டும், அவன் எச்சில் படாத ஓரமாகப் பார்த்து மடித்தாள்.

அவன் போனபின் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதன்மேலும் இப்போது அருவருப்பு வந்தது, தன்மேலும்தான். பஞ்சாங்கத்துக்குள் தேடித் தேடி ஊர்ப் பட்டியலைக் கண்டுபிடித்தாள். பினாங்கு இல்லை, கோலாலம்பூர் இருந்தது. அதைத் தொட்டாள். திதி சத்தமில்லாமல் புதன்கிழமைக்கு நகர்ந்துகொண்டது. கண்ணுக்கு மருந்து விடும் மணி அடித்தது. விட்டுக்கொண்டாள்.

போகாமல் இருந்துவிடலாம் என்று ரொஸ்னா சொன்னாள். அவர்கள் என்னவோ செய்து தொலையட்டும் அக்கா, நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டாம் என்றாள். தனலெட்சுமி இல்லை என்று தலையாட்டினாள். நான் பார்க்காவிட்டாலும் மற்றவர்கள் பார்ப்பார்களே என்றாள்.

புதன்கிழமை காலையில் குளித்து, வேலுவுக்குப் படைக்கப் புது வேட்டி ஒன்று வாங்கிக்கொண்டு, சுங்கை பினாங்குக்கு பஸ் ஏறினாள்.

கிஷன் வீட்டுக் கூடத்தில் மூன்று கால் தாங்கியில் ஒரு போன் நின்றது. அதன் தலையைச் சுற்றி வட்ட விளக்கு. ஷர்மினி முகத்துக்குப் பூச்சு பூசி, படையலைக் காட்டி, எல்லாருக்கும் வணக்கம் என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிய தனலெட்சுமியை யாரோ, மெட்ராஸ் பெரியம்மா வந்தாச்சு என்று வரவேற்றார்கள். சிரித்தார்கள். அவள் ஷர்மினியிடம் போய், ஆஸ்பத்திரிப் படத்தை எடுத்துவிட்டாயா என்று கேட்டாள். அதெல்லாம் செட் பண்ணியாச்சு பெரியம்மா, இனிமேல் நடுவில் வெட்ட முடியாது என்றாள் ஷர்மினி, லைவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

தனலெட்சுமி புது வேட்டியைத் தாம்பாளத்தில் வேலுவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். கிஷன் தர்ப்பை மாட்டி உட்கார்ந்தான். இந்த முறை கிஷனுக்கு நாள் சொன்ன குருக்கள் வந்திருந்தார், சங்கல்பம் எங்கும் நிற்கவில்லை. பக்கத்தில் டீவி ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸின் முன்னால் நிற்கும் வேலு, கல்யாண வேலு, கோயிலில் வேலு. எல்லாப் படத்திலும் தலை வாரியிருந்தது. புல்லாங்குழல் இழுத்தது. எள்ளும் தண்ணீரும் கிஷனின் விரல் வழியாக இறங்கிக்கொண்டிருந்தபோது திரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பி தெரிந்தது.

அவள் எழுந்தாள். தாம்பாளத்திலிருந்த வேட்டியை எடுத்து உதறி, டீவியின் மேல் போர்த்தினாள். மூலைகளை இழுத்துவிட்டு, பின்பக்கம் செருகினாள். வெள்ளைத் துணிக்கு அடியில் ஏதோ அசைந்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. களகளவென்று அந்த மூச்சு கூடம் முழுதும் கேட்டது. பின்னால் கைவிட்டு, மின்கம்பியைப் பிடுங்கினாள். அதுவும் நின்றது.

ஷர்மினி பாய்ந்து வந்தாள்.

"தொடாத," என்றாள் தனலெட்சுமி. "படையல்ல வச்ச வேட்டி. திதி முடியறவரைக்கும் கொடுக்கறவனத் தவிர யாரும் தொடக்கூடாது."

ஷர்மினி குருக்களைப் பார்த்தாள். அப்படித்தான் என்று அவர் தலையசைத்தார், மந்திரத்தை நிறுத்தவில்லை. எல்லாரும் கிஷனைப் பார்த்தார்கள். அவன் விரலில் தர்ப்பை, உள்ளங்கையில் பிண்டம். பாதியில் எழுந்தால் எல்லாம் கெட்டது. அவன் கண்ணால் டீவியைக் காட்டினான், ஷர்மினி கண்ணால் வேட்டியைக் காட்டினாள். லைவில் யாரோ, படம் ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தனலெட்சுமி டீவிக்கு முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சடங்கு முடியும்வரை அசையவில்லை. வட்ட விளக்கு அவள் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.

முடிந்ததும் கொடுத்தவன் பெரியவர்கள் காலில் விழ வேண்டும். கிஷன் வந்து விழுந்தான். அவன் முகம் இறுகிப் போயிருந்தது. காதோடு, இப்படியெல்லாம் செய்யலாமா பெரியம்மா, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றான்.

"தெரியும்," என்றாள் அவள்.

தட்டிலிருந்து விபூதி எடுத்தாள். நல்லா இரு என்று சொல்லி அவன் நெற்றியில் இட்டாள். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும், சொன்னாள். விரலில் அவன் வியர்வை பிசுபிசுத்தது. கையைப் பின்னால் கொண்டுபோய், அவன் நிமிர்வதற்குள், சேலையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.