தரையின் உயரம்

எனக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். அன்று சென்னைக்கு வெளியே, கடலோரச் சுடுதளத்தில், அது என் மேலேயே திரும்பியது.

எங்கள் தங்கச் சுரங்க ஊரில், நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம், வினோலியா அக்காவின் பட்டறையில் ரைஃபிள் குண்டு செய்கிறோம். குண்டு காற்றை எவ்வளவு நன்றாகக் கிழித்துக்கொண்டு போகிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்வது என் வேலை. பி.சி. என்போம். புறப்படும்போது ஒரு வேகம், இருநூறு மீட்டர் தள்ளி ஒரு வேகம்; இடையில் காற்று எவ்வளவு தின்றது என்று பார்த்தால் எண் கிடைத்துவிடும். அது சரியாக இருந்தால், குண்டு எங்கே விழும் என்று சுடுவதற்கு முன்பே சொல்லலாம். வாங்க வந்த கம்பெனி கேட்டதும் அதைத்தான்: பி.சி. ஓர் அளவுக்குக் குறையாமல், எண்ணூறு மீட்டரில் சொன்ன இடத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் ஆர்டர் இல்லை, பட்டறையும் இல்லை. எங்கள் எல்லோருக்கும் மறுபடி பிழைப்புக்கு விடியற்காலை பெங்களூர் ரயில்தான்.

ஊரில், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டைப் பார்த்துச் சுட்டபோது கணக்கு அப்படியே பொருந்தியது. அந்தத் திமிரில்தான் வந்திருந்தேன். இங்கே ஐந்து குண்டும் நான் சொன்ன இடத்துக்கு ஒன்றரைச் சாண் கீழே விழுந்தன. கம்பெனி அதிகாரி நேத்ரா முகம் சுளிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொரு முறை சுடலாம், அதோடு சரி என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்காகச் சுடுகிறவர் முனியப்பண்ணன். துப்பாக்கியை வைத்துவிட்டு, வேர்வையில் ஒட்டிய சட்டையை உதறினார்.

"இன்னா ஊருமா இது. காத்தே கெட்டியா கீது."

திட்டத்தான் வாயெடுத்தேன். அப்படியே நின்றுவிட்டேன். அவர் புழுக்கத்தைச் சொன்னார். எனக்குப் பட்டது வேறு. லேப்டாப்பைத் திறந்தேன். ஊரில் சுட்ட கணக்கில், இடத்தின் உயரம் என்ற கட்டத்தில், என் கையால் போட்ட பூஜ்யம்.

ஸ்கெலட்டன் என்கிற சுரங்கத் தொழிலாளர் லைனில் பிறந்தவளுக்குத் தரை என்றால் பூஜ்யம். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாயிலிருந்து கீழேதான் எண்ணுவோம். அப்பா வேலை செய்த லெவல் எத்தனை அடி ஆழம் என்று எங்கள் லைனில் சின்னப் பிள்ளையும் சொல்லும். மேலே எவ்வளவு என்று எவனும் கேட்டதில்லை. தேடிப் பார்த்தேன்: கடலுக்கு மேலே எண்ணூற்றைம்பது மீட்டர் போல. அந்த உயரத்தில் காற்று லேசு. லேசான காற்று செய்த தயவையெல்லாம் குண்டின் சாமர்த்தியம் என்று எழுதிவைத்திருக்கிறேன். ஊரிலேயே சுட்டபோது அளந்ததிலும் முன்கூட்டிச் சொன்னதிலும் அதே பூஜ்யம் என்பதால் தப்போடு தப்பு கழிந்து, நான் மாட்டிக்கொள்ளவில்லை.

உயரத்தைத் திருத்தினேன். பி.சி. இறங்கியது, ஆனாலும் அவர்கள் கேட்ட அளவுக்கு மேலேதான் இருந்தது. நேத்ராவிடம் போய், தப்பு என்னுடையது, குண்டின் மேல் குறை இல்லை என்று சொல்லிப் புது எண்ணைக் கொடுத்தேன்.

"காட்டுங்க," என்றார்.

முனியப்பண்ணன் புதுக் கணக்குக்குக் குறியை ஏற்றிக்கொண்டு படுத்தார். ஐந்து முறை வெடித்தது. இலக்கின் நட்டநடுவில், ஒரு சாப்பாட்டுத் தட்டு மறைக்கிற இடத்துக்குள் ஐந்து ஓட்டை. நான் குதித்தேன். வெட்கமே இல்லாமல் குதித்தேன். நேத்ரா சிரித்தபடி கை கொடுத்து, ஆர்டர் உங்களுக்குத்தான் என்றார்.

வினோலியா அக்காவுக்குப் போன் போட்டேன். ஆர்டர் என்றதும் அழுதுவிட்டார். தேறியதும் முதலில் ஏன் தவறியது என்று கேட்டார். ஊரின் உயரத்தைச் சொன்னேன்.

"நாம அவ்ளோ ஒசரத்துலயா கீறோம்?"

"ஆமாக்கா," என்றேன். "இத்தினி நாளா கீழயே பாத்துகினு இருந்துட்டோம்."