பொத்தானை அமுக்கிப் பார்க்கிறவள்

வெள்ளிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்ததும் என்னோடு பட்டறையில் வேலை செய்யும் மரினால்வா வீட்டு மாடிக்குக் கம்பி கட்டப் போனேன். ஞாயிறன்று அவள் வீட்டுக்குத் தளம் போடுவதாக இருந்தது. தியாதெமா நகரத்தில் எங்கள் மேட்டுத் தெருவில் ஒருத்தர் தளம் போட்டால் தெருவே வாளியோடு வரும். கூலி கிடையாது. வீட்டுக்காரி கறுப்பு பீன்ஸும் இறைச்சியும் சேர்த்துக் காய்ச்சிய ஃபெய்ஜோவாடா ஒரு அண்டாவும் பீரும் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிமெண்டும் ஜல்லியும் சனிக்கிழமை காலையில் வாங்கியாக வேண்டும். கடைக்காரன் கடன் தரமாட்டான். பிரஸ் பட்டறையில் தகடு அடித்து அவள் சேர்த்தது முழுக்க அந்த ஒரு வங்கிக் கார்டில்தான் இருந்தது. அது போனால் தளம் போச்சு. இன்னொரு மழைக்காலமும் ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்துத் தூங்க வேண்டியதுதான்.

தண்ணீர் குடிக்க நான் கீழே இறங்கியபோது வீட்டு போன் அடித்தது. அவள் அண்ணன் ஜெனிவால்டோ எடுத்தான்.

"ஏய், பேங்க்லேருந்தாம். சீக்கிரம் வா."

மரினால்வா பூண்டுக் கையோடு வந்தாள். அண்ணன் தோளில் ஏறாத குறையாக நின்றதால் எங்களுக்கும் கேட்கும்படி ரிசீவரைச் சாய்த்துப் பிடித்தாள். சின்ன வயசுப் பெண்ணின் குரல். தேன் மாதிரி.

"மரினால்வா மேடம்தானே? கார்டு பாதுகாப்புப் பிரிவிலேருந்து பேசறேன். கோயானியா ஊர்ல ஒரு கடையில இப்பதான் உங்க கார்டுல பெரிய டிவி ஒண்ணு வாங்கியிருக்காங்க. நீங்க வாங்கினதா?"

"நான் எங்கம்மா டிவி வாங்க? சிமெண்ட் வாங்கவே முழி பிதுங்குது."

"அப்ப யாரோ உங்க கார்டை நகல் எடுத்துட்டாங்க. பதறாதீங்க மேடம்." முழுப்பெயர், பிறந்த தேதி, வீட்டு எண் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். எதுவும் தப்பில்லை.

"நீ பேங்க்தான்னு நான் எப்பிடி நம்பறது?"

"சூப்பர் மேடம்! எல்லாரும் இப்பிடிக் கேட்டா எங்களுக்கு வேலையே இருக்காது. என்னை நம்பாதீங்க. போனை வெச்சிட்டு, கார்டுக்குப் பின்னாடி இருக்கிற நம்பருக்கு நீங்களே அடிங்க. இதே போன்லேருந்து அடிங்க, செல்லுல வேணாம்."

நான் முழுசாக நம்பிவிட்டேன். என்னை நம்பாதே என்று எந்தத் திருடி சொல்வாள்?

மரினால்வா ரிசீவரை வைத்துவிட்டு எடுத்தாள். டயல் சத்தம் வந்தது. ஜெனிவால்டோ கார்டைத் திருப்பி எண்ணை வாசிக்க ஆரம்பித்தான். அவள் விரல் வேறு எண்களை அமுக்கிக்கொண்டிருந்தது.

"என்னடி பண்ற? நம்பர் இங்க இருக்கு!"

"பொறு."

பட்டறையில் அச்சு மாற்ற பிரஸ்ஸுக்குள் கை விடுவதற்கு முன் சுவிட்சை அணைப்போம், சொந்தப் பூட்டைப் போடுவோம், சாவியைச் சொந்தப் பையில் வைப்போம். அதற்குப் பிறகும் ஒரு வேலை உண்டு. ஓட்டுகிற பொத்தானை ஒரு தடவை அமுக்கிப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால்தான் எந்திரம் செத்தது என்று அர்த்தம். அவசரத்தில் பாதிப்பேர் அதைச் செய்வதில்லை. மரினால்வா ஒருநாளும் விட்டதில்லை. "பூட்டு உன்னது, சாவி உன் பையில, இன்னும் என்ன சந்தேகம்?" என்று ஃபோர்மேன் கத்துவான். "கையும் என்னதுதான்" என்பாள்.

இப்போது அவள் அடித்தது பட்டறை வாசல் கூண்டின் எண். வாட்ச்மேன் ஒலேகாரியோ எடுப்பான். முதலில் இருமுவான், அப்புறம்தான் "யாரு" என்பான்.

இருமல் வரவில்லை. இசை வந்தது. பிறகு ஒரு பெண் குரல்: "எங்கள் வங்கிக்கு உங்களை வரவேற்கிறோம். கார்டு சேவைக்கு ஒன்றை அழுத்தவும்."

அடுப்பில் பூண்டு கருகியது.

"ஒலேகாரியோ எப்போ பேங்க் வெச்சான்?" என்றான் ஜெனிவால்டோ.

மரினால்வா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள். "நாமதான் போனை வெச்சோம், அவ வெக்கல. லைன் இன்னும் அவ கையில இருக்கு. நான் எந்த நம்பரை அடிச்சாலும் அவங்கதான் எடுப்பாங்க."

"டயல் சத்தம் கேட்டுச்சே?" என்றேன்.

"அதையும் அவங்களே போட்டுக் காட்டறாங்க."

ஜெனிவால்டோ கார்டை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான். "லைன் ஏதாவது மாறிப் போயிருக்கும்டி. அங்க பணம் போயிட்டே இருக்கு. ரகசிய எண்ணைக் குடுத்து நிறுத்தச் சொல்லு!"

"பிரஸ்ஸை அணைச்சாச்சு, கையை விடுன்னு மெக்கானிக் சொன்னான், நீ நம்பினே. ரெண்டு விரலும் இப்ப எங்க?"

அவன் வலக்கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். நான் தரையைப் பார்த்தேன். அவள் சொன்னது கொடுமைதான்.

"அதெமார், உன் செல்லைக் குடு" என்று என்னிடம் கேட்டாள். ரிசீவரை அண்ணன் கையில் திணித்தாள். "பேசிட்டே இரு. உனக்கு வர்ற ஒரே வேலை அதுதான்."

கார்டோடு கொல்லைப்பக்கம் போனாள். ஜெனிவால்டோ ஒன்றை அமுக்கினான். அதே தேன் குரல் வந்தது. "நான் அண்ணன் பேசறேன்மா. அவ கழிப்பறையில. பயத்துல வயித்தக் கலக்கிருச்சு."

"பரவாயில்லைங்க. வந்ததும் ரகசிய எண்ணை போன்லயே அமுக்கச் சொல்லுங்க. அப்புறம் கார்டை ரெண்டா வெட்டிக் கவர்ல போட்டு வைங்க. விசாரணைக்கு வேணும். எங்க மோட்டோபாய் கிளம்பிட்டான், வாசல்லயே வாங்கிப்பான்."

இந்த ஊரில் பத்திரம், மருந்து, சாவிக்கொத்து எல்லாமே மோட்டார் சைக்கிள்காரன் கையில்தான் போகிறது. மோட்டோபாய் வருகிறான் என்றால் எவனும் சந்தேகப்படமாட்டான்.

"கோழி வெட்டற கத்திரி போதுமாம்மா?"

"எதுன்னாலும் சரிங்க."

"துருப்பிடிச்சிருக்கே?"

"சரிங்க சார்!" தேன் கொஞ்சம் புளித்தது.

மரினால்வா திரும்பி வந்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "நிஜ பேங்க்ல பேசிட்டேன். டிவியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பணம் அப்பிடியே இருக்கு. கார்டை வாங்க அவங்க யாரையும் அனுப்பவே மாட்டாங்களாம். வெட்டிக் குடுத்தாலும் நடுவுல இருக்கிற சிப் உடையலேன்னா கார்டு வேலை செய்யுமாம். ரகசிய எண்ணும் கையில இருந்தா வழிச்சுட்டுப் போயிருவாங்களாம்."

வாசலில் வண்டி வந்து நின்றது. அவள் போனாள். நான் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"கவர், மேடம்" என்றான் வந்தவன். தலைக்கவசத்தின் கறுப்புக் கண்ணாடி மூடியிருந்தது.

"முகத்தைக் காட்டு தம்பி. தண்ணி தர்றேன்."

அவன் கையை மட்டும் நீட்டினான்.

"கார்டு என்கிட்ட இருக்கு. முழுசா இருக்கு. அனுப்பினவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

நான் கம்பியை ஓங்கினேன்.

"கீழ போடுய்யா. வளைஞ்சு போனா யாரு வாங்கித் தர்றது?"

அவன் வண்டியைத் திருப்பிச் சரிவில் பறந்தான். எண் தகடு மேல்பக்கமாக மடிந்திருந்ததால் படிக்க முடியவில்லை. இருந்தாலும் மரினால்வா போலீஸ் நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாள். அங்கே கொட்டாவி விட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. என்னோடு ஒரே பிரஸ்ஸில் நிற்கிறவள் அவள். அதை வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். வாளிகளோடு கதையும் ஏணி ஏறியது. ஜெனிவால்டோ பன்னிரண்டு மணிக்குள் அதில் மூன்று மோட்டோபாய்களைச் சேர்த்துவிட்டான். மரினால்வா தளத்தின் மேலே கணுக்கால்வரை கலவையில் நின்று மட்டப்பலகை இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஏணியடியில் க்ரெயுசா அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டாள். தையல் வேலை செய்து தனியாக வாழ்கிறவள்.

"எனக்கும் போன மாசம் வந்துச்சு" என்றாள். "வெட்டிக் குடுத்துட்டேன். நம்பரும் குடுத்தேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா சிரிப்பீங்க."

வாளி வரிசை நின்றுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. மரினால்வா பலகையை விட்டுவிட்டு ஓரத்துக்கு வந்து கீழே குனிந்தாள்.

"உனக்கு என்னக்கா வெக்கம்? திருடினவன் வெக்கப்படட்டும். நாளைக்கு ஷிப்ட் மாத்திக்கறேன். பேங்குக்கும் போலீசுக்கும் உன்கூட நான் வர்றேன், எவன் கொட்டாவி விடறான்னு பாத்துக்கலாம். இப்ப வாளியை மேல குடு. கலவை இறுகுது."